ஒழுகும் டேங்கை உள்ளிருந்து பாருங்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் ஒரு நாள் வந்தே தீரும். வண்டியை எடுக்கப் போகும்போது பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கும். டேங்கின் அடியில் விரலை ஓட்டினால் ஈரம் தட்டுப்படும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். “எம்-சீல் வச்சு அடைச்சுடலாம்ணே” என்பது ஒன்று. “இது தேறாது, புது டேங்க் போட்டுடுங்க” என்பது மற்றொன்று.

இரண்டுமே அவசரத்தில் சொல்லப்படுபவை. முதலாவது ஆபத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொருளைக் காயலான் கடைக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவே முறையான பழுதுபார்ப்பு என்று ஒரு வழி இருக்கிறது. அதை வண்டிக்காரர்கள் கேட்டுப் பெற வேண்டும், பட்டறைகள் கற்றுக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் ஆகிவிட்ட இன்றைய நிலையில், அரசுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு.

திருவொற்றியூர் தகடு

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். ஆனால் அதைச் சாகாமல் காப்பாற்றியது வட சென்னையின் திருவொற்றியூர். இந்திய ராணுவத்துக்காகப் புல்லட்டுகளை வரவழைத்துக்கொடுத்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955-ல் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. 1960-களில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது, சில ஆண்டுகளில் இங்கிலாந்து நிறுவனமே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்காமல் உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த ஆலையில் டேங்கின் மேல் ஓடும் தங்க நிறக் கோடுகளைக் கைத்தூரிகையால்தான் இழுத்தார்கள். ஒரே குடும்பத்தினர் தலைமுறை தாண்டி அந்த வேலையைச் செய்தார்கள். ஸ்கேல் கிடையாது, பசைத்தாள் கிடையாது. வளைந்த தகட்டின் மேல் கை நடுங்காமல் ஒரே மூச்சில் இழுத்த கோடு அது. மைசூரில் 1961 முதல் உருவான ஜாவா, 1973-ல் அதன் இடத்துக்கு வந்து 1996 வரை ஓடிய யெஸ்டி ஆகியவற்றின் டேங்குகளுக்கும் தனி அடையாளம் உண்டு. குரோமியம் பூசிய பக்கவாட்டும் முழங்கால் படும் இடத்தில் ரப்பர் பட்டையும் கொண்ட பழைய ஜாவா டேங்கைத் தெருவின் மறுமுனையிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். மோட்டார் சைக்கிளின் முகமே டேங்க்தான்.

சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமையான வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் பதிவு எண் கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ உடற்கூட்டிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1975-க்கு முன் திருவொற்றியூரிலிருந்து வெளியேறிய புல்லட்டுகள் எல்லாம் இந்த வயதை எட்டிவிட்டன. இந்த நேரத்தில் பழைய டேங்கைக் கழற்றி எடைக்குப் போடுவது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

துரு எங்கே தொடங்குகிறது?

டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பது குறைவு. சேதம் உள்ளேதான் நடக்கிறது. பாதி காலியான டேங்கில் மீதி இடத்தைக் காற்று நிரப்புகிறது. இரவில் தகடு குளிரும்போது அந்தக் காற்றின் ஈரம் உள்சுவரில் துளித்துளியாகப் படிகிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அந்தத் துளிகள் வழிந்து அடியில் போய்த் தங்கிவிடும். புல்லட் டேங்க், ஃபிரேமின் நடுக்குழாயைக் கவ்வி உட்காருவதற்காக அடியில் இரண்டு பள்ளங்களாகப் பிரிந்திருக்கிறது. வண்டியை எப்போதும் சைடு ஸ்டாண்டில் நிறுத்துபவர்களுக்கு இடப் பக்கப் பள்ளத்தில் தண்ணீர் சேரும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு அடுத்த பலவீனம். அந்த மடிப்புக்குள் புகுந்த ஈரம் லேசில் காயாது. மூன்றாவது, டேங்கை ஃபிரேமோடு பிணைக்கும் காதுகள். அங்கிருக்கும் ரப்பர் நைந்து போனால், ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு முழுவதும் தகட்டில் இறங்கி முடியளவு விரிசலை உண்டாக்கும். துருவால் விழும் ஊசித்துளையும் அதிர்வால் வரும் விரிசலும் ஒன்றல்ல. விரிசலை மட்டும் அடைத்துவிட்டு ரப்பரை மாற்றாமல் விட்டால், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

எல்லாக் கசிவும் டேங்கின் குற்றமும் அல்ல. பெட்ரோல் காக்கின் வாஷர் காய்ந்து போயிருக்கலாம், அதன் மரை தேய்ந்திருக்கலாம், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். பெட்ரோல் தகட்டின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போய் வேறெங்கோ சொட்டும். சொட்டும் இடத்தை ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. டேங்கின் அடியை நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பரபரவெனத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும். வெள்ளைப் பரப்பில் ஈரம் முதலில் எங்கே கறுக்கிறதோ அதுதான் இடம். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை, தேவையில்லாமல் டேங்கைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

சோப்பும் தீயும்

ஓட்டையில் குளியல் சோப்பைத் தேய்த்து அடைப்பது ஊரறிந்த வைத்தியம். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவரை வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஒரு மழை போதும், கரைந்து ஓடிவிடும். எம்-சீல் அதைவிடக் கெட்டியாக நிற்கும். என்றாலும் பெட்ரோல் கசிந்துகொண்டிருக்கும் பரப்பில், பெயின்ட்டின் மேலேயே அப்பினால் பிடிமானம் இருக்காது. பிடித்தாலும் உள்ளே துரு வேலையை நிறுத்துவதில்லை. புரையோடிய புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவதைப் போன்றது இது. ஒட்டு விடும்போது பெட்ரோல் நேராகச் சூடான சிலிண்டர் ஹெட்டின் மேல் விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. “பெட்ரோலை வடிச்சாச்சு, காலி டேங்க்தானே” என்ற பேச்சு உயிரைப் பறிக்கக்கூடியது. எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடமே குறைவு. வடித்த டேங்கில்தான் சுவரில் ஒட்டிய மிச்சம் ஆவியாகி, காற்றோடு கலந்து, சரியான வெடிகலவையாக நிற்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. வாயைத் திறந்து வைத்துவிட்டால் தானே போய்விடாது, அடிப்பள்ளத்தில் தங்கியிருக்கும். கழுவிய டேங்கிலும் துருச் செதிலுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் பதுங்கிய பெட்ரோல், டார்ச்சின் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும்.

அதனால் தீ வைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் இரண்டு படிகளைத் தாண்டக் கூடாது. சோப்புத்தூள் கலந்த சுடுநீரால் வாடை முற்றிலும் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு பற்றவைக்கும் இடம் வரை டேங்கில் தண்ணீர் நிரப்பி ஆவிக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆர்கான், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற எரியா வாயு ஒன்றை உள்ளே ஓடவிட்டபடியே வேலை பார்க்க வேண்டும். “இது எதுவும் வேணாம் சார், நாங்க பாத்துக்குறோம்” என்று சொல்லும் பட்டறையிலிருந்து டேங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவதே அந்தப் பட்டறைக்காரருக்குச் செய்யும் நன்மை.

முறையான வேலை எப்படி இருக்கும்?

முறையான வேலை உள்பக்கத்தில் தொடங்குகிறது. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, மூடியையும் காக்கையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் வாடை முழுவதும் போகக் கழுவ வேண்டும். பிறகு சிறிய நட்டுகளையோ ஒரு துண்டு பழைய செயினையோ உள்ளே போட்டுக் குலுக்கினால் தளர்ந்த துரு செதில் செதிலாக வெளியே வரும். ஒட்டியிருக்கும் துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசலோ வினிகரோ போதும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றுவது பட்டறைகளில் சகஜம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். சரியாகக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் குளோரைடு புதுத் துருவுக்கு வழி திறந்துவிடும்.

பொறுமை உள்ளவர்களுக்கு மின்பகுப்பு முறை இன்னும் நல்லது. டேங்கில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, தகட்டில் படாதபடி ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்கிலும் பாசிட்டிவைக் கம்பியிலும் கொடுத்தால், நல்ல இரும்பைத் தொடாமல் துரு மட்டும் இளகும். ஸ்டெயின்லெஸ் கம்பியைத் தொங்கவிடக் கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாமல் செய்ய வேண்டும்.

துரு போன பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். ஒரு ஓட்டை என்று வந்த டேங்கில் நான்கைந்து தெரியலாம். இருட்டறையில் டேங்குக்குள் சிறிய எல்இடி விளக்கை இறக்கினால், அடித்தகட்டில் ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தோன்றும். பெயின்ட் கொப்புளித்த இடங்களைச் சுரண்டிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கிக் கொடுத்தால் அங்கே தகடு காகிதமாகிவிட்டது என்று பொருள். இந்த நிலவரத்தைப் பார்க்காமல் “அடைச்சிடலாம்” என்றோ “தேறாது” என்றோ சொல்வது கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு எழுதுவதாகும்.

ஊசித்துளைகளுக்கு ஈயப்பற்று இன்றைக்கும் அருமையான வழி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 190 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடுகிறது. பித்தளைப் பற்றுக்கு 800 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு குறைவு என்பதால் தகடு நெளியாது. அடிப்பகுதியில் வேலை செய்தால் மேலே இருக்கும் பழைய பெயின்ட்டும் கோடும் தப்பிக்க வாய்ப்பு உண்டு. தெருத்தெருவாக வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்களின் கைப்பழக்கம்தான் இங்கும் வேண்டும். தகட்டைப் பளபளவெனச் சுரண்டி, பிளக்ஸ் தடவி, முதலில் மெல்லிய ஈயப் பூச்சு கொடுப்பார்கள். ஒட்டுத் தகட்டுக்கும் அதேபோல் பூசி, இரண்டையும் சேர்த்து, கனமான செம்புச் சூட்டுக்கோலை வைத்து அழுத்துவார்கள். வெள்ளி நிறத்தில் ஈயம் ஒட்டின் நான்கு ஓரத்திலும் கசிந்து வெளிவந்தால் பற்று முழுதாகப் பிடித்துவிட்டது. சூட்டுக்கோலைத் தள்ளி வைத்த அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்தால் டேங்கின் அருகே தீயே தேவையில்லை. அதிர்வு தாங்க வேண்டிய காதுகளிலும் விளிம்பிலும் மட்டும் பித்தளைப் பற்றோ டிக் வெல்டிங்கோ வேண்டும்.

வேலை முடிந்ததும் காற்றடித்துச் சோதிக்க வேண்டும். வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மிக லேசாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கம்ப்ரசரைத் திறந்துவிட்டால் டேங்க் பலூனாக உப்பி, மறுபடி ஃபிரேமில் உட்காராது.

உள்பூச்சு கடைசி வேலை. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் எப்பாக்ஸி பூச்சு நல்லதுதான். ஆனால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த, துருவற்ற தகட்டில் மட்டுமே அது பிடிக்கும். ஓட்டையை அடைக்கும் சுலப வழியாக அதை விற்பதும் வாங்குவதும் தவறு. பூச்சுக்குப் பிறகு டேங்கில் தீ வைக்க முடியாது, வைத்தால் பூச்சு கருகி உரியும். எத்தனாலைத் தாங்கும் என்று பாக்கெட்டில் தெளிவாக எழுதாத பூச்சைத் தொடவே கூடாது. பழைய வகைப் பூச்சுகள் சில, எத்தனால் பட்டு இளகித் தோல் தோலாக உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடுகின்றன.

எப்போது மாற்றலாம்?

மாற்றியே ஆக வேண்டிய டேங்குகளும் உண்டு. அடித்தகடு முழுவதும் அமுங்கினால், விளிம்பு மடிப்பு நீளத்துக்கும் கசிந்தால், விபத்தில் காது கிழிந்து உடல் முறுக்கிக்கொண்டிருந்தால் பாசம் பார்த்துப் பயனில்லை. தொடைகளுக்கு நடுவே பத்து லிட்டருக்கு மேல் பெட்ரோலைச் சுமந்து போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அந்த நிலையிலும் கைதேர்ந்த டிங்கர் அடித்தகட்டை மட்டும் அறுத்தெடுத்துப் புதுத் தகடு வளைத்துப் போடுவார். மேலுடல் பழையதாகவே இருக்கும். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் புது டேங்க்தான்.

அப்படி வாங்கும்போதும் கண் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் மாற்று டேங்குகளில் தகட்டின் கனம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும், காக் மாட்டும் மரையைச் சோதிக்க வேண்டும். வண்டியின் வருட மாடலோடு காதுகளின் இடைவெளி பொருந்துகிறதா என்று ஃபிரேமிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பெட்ரோல் ஊற்றி ஒரு இரவு வைத்துப் பார்ப்பது அவசியம், அடித்த பிறகு கசிந்தால் இரட்டைச் செலவு. கழற்றிய பழைய டேங்கை எண்ணெய் சுற்றி மூடி வைத்துக்கொள்ள வேண்டும். இன்று முடியாத பழுது நாளை நல்ல கை கிடைக்கும்போது முடியும்.

எத்தனால் கணக்கு

டேங்க் ஒழுகுவது இனி தனிமனிதக் கவலை மட்டுமல்ல. 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 20 சதவீத எத்தனால் கலப்புக்கு 2030-ஐக் குறியாக வைத்தது. 2022-ல் அந்தக் கெடு 2025-26 என்று முன்கூட்டி நகர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் அந்த அளவு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-ல் நாடு அந்த இலக்கை எட்டிவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைவதும் கரும்பு விவசாயிக்கு வருமானம் கூடுவதும் நல்ல காரணங்கள். அவற்றோடு யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் எத்தனால் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், துரு ஏற்கெனவே அரித்துவைத்த அதே பள்ளத்தில். 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கம், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை என்றது. அது தினமும் ஓடும் வண்டிக்குப் பொருந்தும் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் 1968-ம் வருட புல்லட்டின் கேடு கிலோமீட்டரில் ஏறுவதில்லை, அது நிற்கும் நாட்களில் ஏறுகிறது. வாகனம் ஓடினால் டேங்கில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கும். நின்றால் அடியில் தேங்கியது தேங்கியபடியே கிடக்கும்.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே அரசு செய்யக்கூடிய காரியம் இது. பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோல் இ10 ஆனது. அதே நேரத்தில், சூப்பர் வகைப் பெட்ரோல் இ5-ஆகவே தொடர வைக்கப்பட்டது. பழைய வண்டிக்காரர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அரசே அறிவுறுத்தியது. விலை கூடுதல்தான், ஆனாலும் வழி இருக்கிறது. பெரிய நகரம் ஒவ்வொன்றிலும் சில பங்க்குகளிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைக்கவும், ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் அளவைப் பளிச்சென எழுதிவைக்கவும் எண்ணெய் நிறுவனங்களைப் பணிப்பது கொள்கையைக் குலைத்துவிடாது. பழைய வண்டிகளின் எண்ணிக்கை மொத்தத்தில் சொற்பம். அதுவரை வண்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை முழுவதும் வடித்து, உள்சுவரில் எண்ணெய் படரும்படி டேங்கைச் சுழற்றி, மூடி வைக்கலாம்.

கூலியும் கல்வியும்

ஒட்டுப் போட்டுத் தரும் கடைக்கும் முறையாகச் செய்யும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு நேரம்தான். கழுவ ஒரு நாள், துரு இளக ஒரு நாள், பற்று வைக்க ஒரு நாள், பூச்சு காயச் சில நாட்கள். அதற்குரிய கூலியைக் கேட்டால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்தான் பட்டறைக்காரரைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறார். புது டேங்குக்குப் பேரம் பேசாமல் கொடுக்கும் பணத்தை நல்ல கைவேலைக்கும் கொடுக்க மனம் வர வேண்டும்.

கற்றுத்தருவது அரசின் வேலை. ஐடிஐ-களில் வெல்டரும் ஷீட் மெட்டல் தொழிலாளியும் பயிற்சி பெறுகிறார்கள். எரிபொருள் இருந்த கலத்தில் பாதுகாப்பாக வேலை செய்வதைச் செய்முறைத் தேர்வாகவே அங்கே வைக்க வேண்டும். பட்டறை வைத்துப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு மாலை நேரக் குறும்பயிற்சியை மாவட்டந்தோறும் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து நடத்தலாம். எரியா வாயு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கச் சிறுதொழில் கடன் கொடுத்தால், தண்ணீர் நிரப்பாத டேங்கில் டார்ச்சை நீட்டும் பழக்கம் தானாகக் குறையும். திருவொற்றியூர் புல்லட் இன்னும் ஓடுவதற்குக் காரணம், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான டிங்கர்களும் மெக்கானிக்குகளும் அதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததுதான். அவர்கள் பாதுகாப்பாக அந்த வேலையைச் செய்வதற்கான பயிற்சியும் கருவிகளும் வரும் நிதியாண்டிலேயே கிடைக்கத் தொழிலாளர் நலத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.